கூடத்துப் படத்தில் நிற்பவர்கள் காதலர்களா?

கேள்வி: மாமனார் காலத்திலிருந்து எங்கள் கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்தி நேரத்து வயலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் ஆண். எதிரே கைகளை நெஞ்சோடு சேர்த்தபடி ஒரு பெண். இருவரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். கீழே 'மியே' என்று பெயர். காதலைச் சொல்லத் தயங்குகிறான் என்கிறாள் மகள். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி என்கிறார் என் கணவர். எது சரி? விற்றால் விலை போகுமா?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: இரண்டும் இல்லை அம்மா. வேலூரில் நான் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டினால் பையன்களும் 'லவ்வு சார்' என்றுதான் கத்துவார்கள். முகம் நிழலில் இருக்கிறது, ஆள் தலைகுனிந்திருக்கிறான், வேறென்ன தோன்றும்?

முகத்தை விட்டுவிட்டு வலப்பக்கத் தொடுவானத்தைப் பாருங்கள். பொடியாக ஒரு தேவாலயக் கோபுரம் தெரியும். அங்கே மாலை மணி அடிக்கிறது. கிழங்கு தோண்டும் கருவியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு, கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, இருவரும் மூவேளைச் செபம் சொல்கிறார்கள். காலை, நண்பகல், மாலை மணி அடிக்கும்போது கத்தோலிக்கர்கள் சொல்லும் செபம் அது; 'ஆஞ்சலஸ்' என்ற அதன் பெயர்தான் இந்தப் படத்துக்கும். உங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களைக் கேட்டால் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். பெண்ணுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் மூட்டைகள் இருக்கும். மல்லாட்டை பிடுங்கி முடித்த சாயங்காலம் போலத்தான், இங்கே உருளைக்கிழங்கு.

பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மியே இதை 1857 முதல் 1859 வரை வரைந்தார். சின்ன வயதில் வயலில் இருக்கும்போது மணி கேட்டால், பாட்டி எல்லோரையும் வேலையை நிறுத்தி இறந்தவர்களுக்காக வேண்டச் சொல்வாராம். அந்த நினைவில் பிறந்த படம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சால்வதோர் தாலி என்ற ஓவியர் மட்டும், கூடை இருக்கும் இடத்தில் முதலில் குழந்தையின் சவப்பெட்டி இருந்தது என்று அடம்பிடித்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெட்டி போல ஏதோ தெரிந்தது. அதைச் சவப்பெட்டி என்பது தாலியின் கற்பனை என்றே எனக்குப் படுகிறது. வரைந்ததை அழித்து மேலே வரைவது எங்கள் தொழிலில் சகஜம்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: காதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாளெல்லாம் ஒரே வரப்பில் குனிந்து உழைத்த இருவர் அவர்கள். என் கண்ணுக்குப் புருஷன் பெண்டாட்டிதான், சண்டை போடாதவர்கள்.

அப்புறம் விலை. மியே சொற்பத்துக்கு விற்ற இந்த ஓவியம் 1890-இல் 8 லட்சம் பிராங்குக்குக் கைமாறியது. அசல் பாரிஸில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 66 செ.மீ.தான். உங்களுடையதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப்படம். சட்டம் தேக்கு என்றால் அதற்கு மட்டும் பேரம் பேசலாம்.