காட்டுத்தீப் புகையில் ஆஸ்துமா: எப்போது திரும்பிவிட வேண்டும்?

கேள்வி: வயது 46, ஆஸ்துமா உண்டு. அடுத்த மாதம் குடும்பத்தோடு பத்து நாள் காரில் மலைகளும் ஏரிகளும் பார்க்கப் போகிறோம். அங்கே காட்டுத்தீக் காலம். கண் எரிச்சல், கறுப்புச் சளி, சாம்பல் விழுந்த ஏரியில் குளிப்பது, நுரையீரலே கருகிவிடும் என்று இணையத்தில் படித்தது, எல்லாமே பயமாக இருக்கிறது. நன்றாக இருந்ததால் தினசரி இன்ஹேலரைப் போன மாதம் நிறுத்திவிட்டேன். முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரியில் இழுப்பு வந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காதே?

பதில்: உங்களைத் தூங்கவிடாதது அந்தக் கடைசி வரிதான். அதற்கே முதலில் வருகிறேன்.

புகை பட்டு மூச்சுக்குழாய் சுருங்கினால், சால்பியூட்டமால் என்ற அவசர இன்ஹேலர் (நீங்கள் நிறுத்திய தினசரி இன்ஹேலர் வேறு) சில நிமிடங்களில் அதைத் தளர்த்தும். அந்த நிம்மதி நான்கு மணி நேரமாவது நிற்க வேண்டும். அதற்குள் மறுபடி இன்ஹேலரைத் தேடுகிறீர்கள் என்றால், அதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறி. அன்றே புகையை விட்டுக் கிளம்பி ஒரு மருத்துவரைப் பாருங்கள். 'அறைக்குப் பணம் கட்டியாச்சு, காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு, நள்ளிரவில் மூச்சுத் திணறி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். அது வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, அரை நிமிடத்துக்கு ஒரு பஃப் வீதம் பத்து பஃப் வரை எடுக்கலாம்.

ராத்திரியைப் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருட்டிய பிறகு குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கிலும் ஏரிக்கரையிலும் இறங்கித் தங்கிவிடும். மேலே இருக்கும் சூடான காற்று அதை மூடிபோல அமுக்க, புகை அடியிலேயே சேரும். விடியற்காலையில்தான் பெரும்பாலும் அடர்த்தி அதிகம், வெயில் ஏறினால் கலையும். ஆஸ்துமாவும் அதே நேரத்தில்தான் மோசமாகும். அதனால் ஏரிக்கரையில் காலை நடை வேண்டாம். ராத்திரி ஜன்னலை மூடுங்கள். காரில் வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றையே சுற்றவிடுங்கள். துணி மாஸ்க் புகைக்கு உதவாது. உள்ளே போவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது.

தினசரி இன்ஹேலரை நிறுத்தியது தவறு. நீங்கள் நன்றாக இருந்ததே அந்த இன்ஹேலரால்தான்! இன்றே மறுபடி தொடங்குங்கள், முழுப் பலன் கிடைக்கச் சில வாரம் ஆகும். ஆன்டிபயாடிக்கை எடுத்து வைத்துவிடுங்கள், புகை என்ன கிருமியா? ஸ்டீராய்டு மாத்திரை அவசரத்துக்கு உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் எப்போது, எத்தனை, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கறுப்புச் சளி என்பது சளி கரியைப் பிடித்து வெளியே தள்ளுவது, நல்ல காற்றுக்கு வந்தால் சில நாளில் தெளியும். சாம்பல் மிதக்கிற தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம். சில நாள் புகைக்கு நுரையீரல் கருகாது, அந்தப் பக்கங்களைப் படிப்பதை நிறுத்துங்கள்.

சரி, கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்துக்கு அருகில் உள்ள ஆஸ்பத்திரியையும் அதற்கான தூரத்தையும் எழுதி, உடன் வருபவரிடம் கொடுங்கள். அவசர இன்ஹேலர் பெட்டிக்குள் போகக் கூடாது, உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.