ஆச்சரியப்படுவது யார், ஆச்சரியப்படுத்துவது யார்?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒருவரை ஆச்சரியப்படுத்துவதற்கு சர்ப்ரைஸ், அஸ்டானிஷ், அமேஸ், ஸ்டார்ட்டில், ஷாக் என்று இத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றனவே, எல்லாம் ஒன்றுதானா? எதை எப்போது சொல்வது?

ஒன்றில்லை. ஆனால் வேறுபாடுகளுக்குப் போவதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழை முதல் மொழியாகக் கொண்டவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

தமிழில் 'ஆச்சரியப்படு' என்றால் உணர்வு எனக்குள் எழுகிறது. 'ஆச்சரியப்படுத்து' என்றால் அதை இன்னொருவருக்குள் எழுப்புகிறேன். நமக்கு இரண்டு வினைகள். ஆங்கிலத்தின் சர்ப்ரைஸோ பிறவியிலேயே 'படுத்து' வகை. அதனால் 'ஆச்சரியப்பட்டேன்' என்று மனதில் வைத்துக்கொண்டு "ஐ சர்ப்ரைஸ்ட்" என்று சொன்னால், கேட்பவர் "யாரை?" என்று காத்திருப்பார். அவர் காதில் விழுந்தது 'நான் ஆச்சரியப்படுத்தினேன்'. நடுவில் ஒரு 'வாஸ்' வந்து "ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட்" என்றானால்தான் அது 'பட்டேன்'. "ஐ ஆம் சர்ப்ரைசிங்" என்பது இன்னும் தள்ளிப் போய்விடும். பிறரை வியக்க வைக்கிற ஆள் நான் என்று ஆகிவிடும். உணர்வு உள்ளவர் சர்ப்ரைஸ்ட், உணர்வைக் கிளப்பும் செய்தி சர்ப்ரைசிங்.

இந்த விதி அஸ்டானிஷ், அமேஸ், ஸ்டார்ட்டில், ஷாக், ஸ்டன் எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்துவிடும். மார்வெல் மட்டும் எதிர்த்திசை. "ஐ மார்வெல்ட் அட் ஹெர் பேஷன்ஸ்" என்பது நேராக நம் 'அவள் பொறுமையை வியந்தேன்'.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம்.

சர்ப்ரைஸ் ஃபிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'மேலே' என்ற பொருள்தரும் முன்னொட்டும் 'பிடி' என்ற வினையும் சேர்ந்தது. எதிரி எதிர்பாராத நேரத்தில் மேலே பாய்ந்து பிடிப்பதுதான் அதன் பழைய பொருள். அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. "தி ஓனர் சர்ப்ரைஸ்ட் தி தீஃப்" என்று படித்தால், வீட்டுக்காரர் திருடனுக்கு ஏதோ இன்ப அதிர்ச்சி கொடுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. திருடன் எதிர்பாராத நேரத்தில் அவர் உள்ளே வந்து நின்றுவிட்டார், அவ்வளவுதான். நம் பேச்சில் சர்ப்ரைஸ் என்றாலே பரிசும் மகிழ்ச்சியும். ஆங்கிலத்தில் அதன் உயிர் எதிர்பாராமையில் இருக்கிறது; நல்லதா கெட்டதா என்பதை வாக்கியத்தின் மற்ற பகுதி சொல்லும். பரிசைச் சொல்ல வேண்டுமென்றால் 'வித்' சேரும்: "ஹி சர்ப்ரைஸ்ட் ஹெர் வித் எ ரிங்". வியப்பின் காரணத்தைச் சொல்லும்போது 'அட்' அல்லது 'பை'.

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் அடுத்தது. அஸ்டானிஷ், அஸ்டவுண்ட், ஸ்டன் மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் இலத்தீனில் 'இடி முழங்கு' என்ற வினை. இடி விழுந்ததுபோல் ஆளை நிலைகுலையச் செய்வது என்று தொடங்கி, மெல்ல மெல்ல வியப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நம் 'அதிர்ச்சி'யும் 'அதிர்' என்ற வினையிலிருந்து வந்தது, முரசும் இடியும் அதிரும் அதே அதிர்தல். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே ஓசையிலிருந்து இந்த உணர்வுக்குப் பெயர் எடுத்திருப்பதை முதலில் கவனித்த நாளில் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இன்றைய வழக்கில் மூன்றும் பிரிந்துவிட்டன. அஸ்டானிஷ் என்றால் 'இதை நம்பவே முடியவில்லையே' என்ற அளவு. அஸ்டவுண்ட் அதற்கும் ஒரு படி மேல். ஸ்டன் மட்டும் பழைய அடியை மறக்கவில்லை. தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுவதற்கும் அதுதான் சொல், செய்தி கேட்டுப் பேச்சற்று நிற்பதற்கும் அதுதான். இவற்றின் முன்னால் 'வெரி' போட வேண்டாம். "வெரி சர்ப்ரைஸ்ட்" சரி. "வெரி அஸ்டானிஷ்ட்" காதுக்கு ஒட்டாது, ஏனென்றால் 'மிக' என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்த வேண்டுமென்றால் 'அப்சொல்யூட்லி'.

அமேஸும் மேஸும், அதாவது வழி தெரியாமல் சுற்றவிடும் புதிர்ப்பாதையின் பெயரும், உறவுக்காரச் சொற்கள். முன்பு அமேஸ் 'குழப்பு, மதிமயங்கச் செய்' என்றுதான் பொருள்பட்டது. பழைய தமிழ் இலக்கணம் வியப்பை 'மருட்கை' என்கிறது. மருள் என்றால் மயக்கமும்தானே! இன்று அமேஸில் குழப்பம் போய், பாராட்டு நிறைந்துவிட்டது. ஒருவரின் திறமையைக் கண்டு வாய்பிளக்கும்போது அமேஸ்ட் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஸ்டார்ட்டில் உடம்பின் சொல். பின்னால் கதவு படீரென்று அடித்துக்கொள்கிறது, தூக்கிவாரிப் போடுகிறது, அடுத்த நொடி அடங்கிவிடுகிறது. அதுதான் ஸ்டார்ட்டில். பறவையையும் குழந்தையையும்கூட ஸ்டார்ட்டில் செய்யலாம், அதற்கு எதுவும் புரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தியால் மூன்று நாள் ஸ்டார்ட்டில்ட் ஆக இருக்க முடியாது.

ஷாக்கைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். நம் பேச்சில் "ஷாக் ஆயிட்டேன்" என்பது லேசான வியப்புக்கும் போதும். அந்தப் பழக்கத்தில், முன்பு வேறு நாட்டில் இருந்த ஒரு சக ஊழியருக்கு, "யுவர் ப்ரமோஷன் ஷாக்ட் மீ" என்று மகிழ்ச்சியோடு எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் பணிவாகக் கேட்டார்: "எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று நினைக்கிறீர்களா?" என் எண்ணம் அதற்கு நேர் எதிராக இருந்தது. ஆங்கிலத்தில் ஷாக்ட் என்றால் பெரும்பாலும் வேதனையோ கண்டனமோ கலந்திருக்கும்; துயரச் செய்தி, கொடுமை, முறைகேடு இவற்றுக்கு உரியது. நான் எழுதியிருக்க வேண்டியது 'டிலைட்டட்'. மன்னிப்புக் கேட்டேன், அவரும் புரிந்துகொண்டார். ஆனாலும் அந்த இரண்டு நாள் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நல்ல செய்திக்கு இந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

அப்புறம், வினைத்தொடர் ஒன்று: டேக்கன் அபேக். பாய்மரக் கப்பலில் காற்று திடீரென எதிர்ப்பக்கம் திரும்பிப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்தினால் கப்பல் தடுமாறி நின்றுவிடும். அதிலிருந்து வந்தது. ஒருவர் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேசும்போது, பதில் தோன்றாமல் ஒரு கணம் நிற்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் கருத்து.

வியப்பில் வாயடைத்துப் போகச் செய்வதற்கு ஃப்ளாபர்காஸ்டும் இருக்கிறது. 1770-களில் புதுச்சொல்லாகப் பேசப்பட்டது, வேர் உறுதியாகத் தெரியாது. நண்பர்களோடு பேசும்போது சொல்லலாம், அலுவலகக் கடிதத்துக்கு வேண்டாம்.