தினம் துடைக்கிற காருக்கு ஏன் கோடு விழுது?

கேள்வி: கறுப்பு கார் வாங்கி ஒன்பது மாசம்தான் ஆகுது சார். நிழல்ல பளபளன்னு இருக்கு, வெயில்ல நிறுத்தினா பானெட் பூரா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு. அபார்ட்மென்ட்ல தினமும் காலையில ஒருத்தர் வந்து துடைச்சுட்டுதான் போறார். பாலிஷ் போட்டா போயிடுமா? — வாசகர், மதுரை

பதில்: அந்த தினமும் துடைக்கிறதுதாங்க பிரச்சினையே. ராத்திரி பூரா பானெட்ல படியுற தூசியில பொடி மணலும் சேர்ந்தே இருக்கும், அதுமேல காய்ஞ்ச துணியையோ, ஒரே பக்கெட் தண்ணில ஏற்கெனவே நாலு காரை துடைச்ச ஈரத்துணியையோ வச்சு தேய்ச்சா அது உப்புத்தாள் வேலைதான் பார்க்கும். கலருக்கு மேல இருக்கிற கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத பூச்சு பெரும்பாலான கார்கள்ல சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி தடிமன்கூட தேறாது, கோடு விழறது அதுலதான். வெள்ளை காருக்கும் இதே கோடு விழுது, கண்ணுக்கு தெரியறதில்ல, அவ்வளவுதான்.

துடைக்கிறவர் மேல கோபப்படாதீங்க, ஒரு காலையில அத்தனை காரையும் அவர் முடிச்சாகணும். கண்ணாடியும் டயரும் மட்டும் பாருங்கண்ணே, பாடிய தொட வேண்டாம்னு சொல்லிடுங்க, சம்பளத்த குறைக்காதீங்க.

வாரம் ஒரு தடவை நீங்களே கழுவுங்க, நிழல்ல, பானெட் சூடு ஆறின பிறகு. முதல்ல கையே வைக்காம மேலேருந்து கீழ வரைக்கும் வெறும் தண்ணி அடிங்க, மணல் ஓடணும், நேரம் எடுத்துக்க வேண்டியது இதுக்குத்தான். ஹோஸ் இல்லேன்னா செடிக்கு ஊத்துற பூவாளி போதும். அப்புறம் ரெண்டு பக்கெட், ஒண்ணுல கார் ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி. ஸ்பாஞ்ச் மணலை மேலாகவே பிடிச்சு வச்சுக்கும், அதனால மைக்ரோஃபைபர் கிளவுஸ் வாங்கிக்கோங்க. கூரையில ஆரம்பிச்சு, வட்டமா சுத்தாம நேரா இழுத்து, கதவோட அடிப்பகுதிய கடைசியா முடிங்க, ஒவ்வொரு பகுதிக்கும் நடுவுல கிளவுஸை வெறும் தண்ணில அலசி பிழிஞ்சுட்டுதான் ஷாம்பூல முக்கணும். முடிச்சதும் அந்த வெறும் தண்ணி பக்கெட்டோட அடியை விரலால தடவிப் பாருங்க, நறநறன்னு மணல் தட்டுப்படும். ஒரே பக்கெட்னா அதெல்லாம் திரும்ப பெயின்ட் மேலயே ஏறியிருக்கும்.

போர் தண்ணின்னா தானா காயவிடாதீங்க, உப்புக்கறை பிடிச்சுக்கும். பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரிச்சு ஒத்தி எடுங்க. டவல் தரையில விழுந்துட்டா உதறிட்டு திரும்ப எடுக்காதீங்க, துவைக்கப் போட்டுடுங்க.

பாலிஷ் போட்டா இந்த மெல்லிசு கோடெல்லாம் போகும். ஆனா பாலிஷ்ங்கிறது கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்ச்சு எடுக்கிறதுதான், போன மைக்ரான் திரும்ப வராது, அதனால வருஷா வருஷம் போடாதீங்க. ரெண்டு மாசம் இப்படி கழுவிப் பாருங்க, புதுசா கோடு விழலைன்னா அப்புறம் ஒரே ஒரு தடவை போட்டுக்கலாம். அதுக்கு முன்னாடி கோட்டுக்கு குறுக்கே நகத்தால மெல்ல இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா அந்த கோட்டை மட்டும் விட்டுடுங்க, அதுக்காக தேய்ச்சா கிளியர் கோட்டே போயிடும்.