அத்தம் பிறக்கும் முன்பே பறித்தேன்

"காத்திருப்பதா, உடனே இறங்குவதா? சரியான நேரம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு முடிவை எடுத்துவிட்டு நல்ல வேளைக்காகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அது கெடுகிற சரக்கா, நிற்கிற சரக்கா என்று முதலில் பாருங்கள்.

நான் தென்காசி மாவட்டம் ஆய்க்குடிப் பக்கம் கேந்திப் பூ (செண்டுமல்லி) போடுகிறவன். எங்களுக்கு நேரம் என்றால் ஓணம்தான். திருவோணம் என்றைக்கு என்று பார்த்து, அதிலிருந்து இரண்டு மாதம் பின்னால் எண்ணி நாற்று நடுவோம். அத்தம் நட்சத்திர நாள் தொடங்கி பத்து நாள் கேரளத்தில் வாசலுக்கு வாசல் பூக்களம் என்று பூக்கோலம் போடுவார்கள், அந்த விலையை நம்பித்தான் இத்தனை உரமும் தண்ணீரும்.

2018-இல் ஆகஸ்ட் 25 திருவோணம். 9-ஆம் தேதி மழையில் நிரம்பிய இடுக்கி அணையின் செறுதோணி மதகை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்ததை டிவியில் பார்த்தேன். மறுநாள் விடியும் முன்பே ஆள் விட்டு, விரிந்தது, பாதி விரிந்தது எல்லாவற்றையும் பறித்து மதுரைக்கு ஏற்றிவிட்டேன். "அண்ணாச்சி, அத்தமே இன்னும் பிறக்கல, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கமிஷன் கடைக்காரர் போனில் சத்தம் போட்டார். மைனிகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் கேரளமே வெள்ளத்தில் நின்றது, அரசு ஓணக் கொண்டாட்டத்தை ரத்து செய்தது. பக்கத்து வயல்களில் பறிகூலிக்கும் கட்டாமல் பூ செடியிலேயே அழுகியது.

அடுத்தவன் துன்பத்தில் ஆதாயம் பார்த்தவன் என்று யாரும் கீழே எழுத வேண்டாம். எனக்குக் கிடைத்தது ஓண விலையில் பாதிகூட இல்லை, போட்ட அசல் தேறியது, அவ்வளவுதான். வெள்ளத்துக்கு அரிசி, போர்வை என்று எங்கள் தெருவும் மூட்டை கட்டி அனுப்பியது.

இப்போது வேறொரு வயிற்றெரிச்சல். கேந்தியைச் சாக்கில் அடைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் உள்ளே கை விட்டுப் பாருங்கள், வெதவெதவென்று சுடும், காம்போரம் கறுக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட சரக்கை ஏற்றிக்கொண்டு கேரள எல்லையோரம் புளியரை எஸ் வளைவில், கேரளத்துக்கு எம் சாண்டும் ஜல்லியும் கொண்டுபோகிற டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் வேன்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. நாங்கள் நேரம் பார்த்து நட்டு, நேரம் பார்த்துப் பறித்தும் என்ன பிரயோஜனம்? அதிகாரிகளைக் கேட்கிறேன், ஓணத்துக்கு முந்தைய பத்து நாளாவது அந்த லாரிகளைப் பகலில் மட்டும் விடுங்கள், ராத்திரி பூ வண்டி போகட்டும்.