ஊராட்சி ஆம்புலன்சின் சாவி முன்னாள் தலைவர் வீட்டில்: யார் மேல் வழக்கு?

கேள்வி: வணக்கம் சார். எங்களுடையது தென் மாவட்டம் ஒன்றில் மலையடிவார ஊராட்சி. அரசு மருத்துவமனை 23 கிலோமீட்டர். எம்.பி. நிதியில் எங்கள் ஊராட்சிக்கு ஒரு ஆம்புலன்ஸ் கிடைத்தது. டிரைவருக்கு ஊராட்சியில் இருந்துதான் சம்பளம். ஆவணி மாதம் ஒரு ராத்திரி ஒன்றே கால் மணிக்கு என் மாமனாருக்கு நெஞ்சு வலி. 108க்கு அடித்தோம். பக்கத்து வண்டி வேறு கேஸில் இருக்கிறது, அடுத்தது வர 40 நிமிடம் ஆகும் என்றார்கள். டிரைவருக்கு நாலு தடவை போன் செய்தார் என் கணவர். “சாவி தலைவர் வீட்டில் இருக்கு” என்றார். தலைவர் என்றால் முன்னாள் தலைவர். வீட்டுக்கே ஓடிப் போய்க் கேட்டதற்கு, “வண்டியில ஃபிளக்ஸ் ஏத்தியாச்சு, விடிஞ்சா மாநாடு” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். போன தேர்தலில் நாங்கள் அவருக்கு எதிராக வேலை செய்தோம். கடைசியில் பால் வண்டியில் ஏற்றிப் போனோம். வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்டோபர் கிராம சபையில் கேட்டேன். ஊராட்சி செயலர் அதை எழுதவே இல்லை. கொலை வழக்கு போடலாம் என்கிறார் ஒருவர், நுகர்வோர் கோர்ட் என்கிறார் இன்னொருவர். 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு வார்டு ஆள் வந்து போனார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இதைப் படித்த கையோடு உங்கள் கணவரின் போனை வாங்கி, அன்று ராத்திரி போன அழைப்புகளின் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளாக ஆக அது தானாகவே அழிந்துவிடும். டிரைவருக்கு நாலு முறை, 108க்கு ஒரு முறை, எல்லாம் நிமிஷக் கணக்கோடு அதில் இருக்கும். புது போன் வாங்கினாலும் அதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்ட பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அப்போது போனே கையில் இருந்தால் எதிர்த் தரப்புக்குப் பேச்சு குறையும்.

அந்த 50,000 ரூபாயைத் தொடாதீர்கள். “இயற்கை மரணம், யார் மேலும் புகார் இல்லை” என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தத் தாள்தான் முதலில் வந்து நிற்கும். துக்க வீட்டில் கையெழுத்து வாங்குவதற்கென்றே ஊருக்கு ஊர் சிலர் இருக்கிறார்கள்.

கொலை வழக்கு நிற்காது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக இதில் காட்ட முடியாது. அலட்சியத்தால் மரணம் என்ற பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 106(1)க்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அதிலும் இரண்டு முடிச்சுகள். வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நடக்கவில்லை என்றால் இந்த முடிச்சு இன்னும் இறுகும். இரண்டாவது, ஒன்றைச் செய்யாமல் இருந்தது குற்றம் ஆக வேண்டுமானால், அதைச் செய்யும் கடமை சட்டப்படி அவருக்கு இருந்திருக்க வேண்டும். உங்கள் வழக்கு இந்தக் கடமை என்ற சொல்லில்தான் நிற்கப் போகிறது, விழுந்தாலும் அதில்தான் விழும்.

கடமையைக் காட்ட ஊர் சாட்சியைவிடத் தாள்தான் உதவும். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியில் எம்.பி. பரிந்துரை மட்டுமே செய்கிறார். நிர்வாக அனுமதி மாவட்ட நிர்வாகத்தினுடையது, கோப்பு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். அந்த நிதியில் வாங்கிய ஆம்புலன்ஸ் அரசு அல்லது உள்ளாட்சியின் சொத்தாகத்தான் இருக்க முடியும். வண்டியின் பக்கவாட்டில் எம்.பி. பெயர் பெரிதாக எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் “எங்க கட்சி வண்டி” என்று நினைத்துவிடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்காது.

சரி, அந்தத் தாள்களை எப்படி வாங்குவது? 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு ஒன்று. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு. “ஏன் வண்டி வரவில்லை?” என்று மட்டும் மனுவில் எழுதாதீர்கள். ஏன் என்று கேட்டால் “இது தகவல் அல்ல” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தாளைத்தான் கேட்க வேண்டும்: ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், வண்டியை ஏற்றுக்கொண்ட ஊராட்சித் தீர்மானம், டிரைவர் நியமன உத்தரவு, சம்பளம் கொடுத்த வவுச்சர், சம்பவத்தை ஒட்டிய மூன்று மாத டீசல் பில், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதும் லாக் புக். லாக் புக்கை நேரில் பார்க்க அனுமதியும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு நேரில் பார்வையிடும் உரிமையைத் தருகிறது.

நகலைவிட மூலத்தைப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. இதே மாதிரி ஒரு வழக்கில் அரசு வண்டியின் லாக் புக்கை நானே புரட்டியிருக்கிறேன். மூன்று மாத எழுத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஒரு நாள்கூடக் கை நடுங்கவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஒரே உட்காரலில் எழுதிய புத்தகம் அது. ஜெராக்ஸில் இது தெரியவே தெரியாது. திரும்பிய கிலோமீட்டரிலிருந்து புறப்பட்ட கிலோமீட்டரைக் கழித்துப் பார்த்து, டீசல் பில்லோடு ஒப்பிட்டால், மாநாட்டு நாள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியே வந்துவிடும். 70 லிட்டர் டீசலுக்கு 90 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் வண்டி வேறு எங்கோ போயிருக்கிறது, இல்லை டீசல் போயிருக்கிறது.

பதில் தர 30 நாள். உயிர் சம்பந்தப்பட்டது, 48 மணி நேரத்தில் கொடுங்கள் என்று சிலர் மனுவில் எழுதுவார்கள். அந்த விதி உயிரோடு இருப்பவருக்கு இப்போது தேவைப்படும் தகவலுக்கானது. இங்கே எழுதினால் மனு பலவீனமாகத்தான் தெரியும். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 108 அழைப்பின் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்கும்படி, அழைத்த எண்ணையும் நேரத்தையும் குறித்து, தாமதிக்காமல் ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். அவர்கள் மேல் குறை சொல்வதற்காக இல்லை. அடுத்த வண்டிக்கு 40 நிமிடம் ஆகும் என்று அவர்கள் சொன்னதுதான், ஊர் வண்டி எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதற்கு உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி.

இப்போது முன்னாள் தலைவருக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். உங்கள் மாவட்டமும் அந்த 27இல் ஒன்று. ஆக, அன்று ராத்திரி கதவைச் சாத்தியவருக்கு அந்தச் சாவியை வைத்திருக்க எந்தப் பதவியும் கிடையாது. அவர் அரசுச் சொத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு தனிமனிதர், அவ்வளவுதான். தலைவரைப் பதவி நீக்கும் 1994 ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவு உங்களுக்கு இங்கே பயன்படாது, இல்லாத பதவியை நீக்க முடியாதே. ஆனால் சாவி அவரிடம் இருப்பது தெரிந்தும் வாங்காமல் விட்ட அலுவலர் பதில் சொல்லியே ஆக வேண்டும். உண்மையில் உங்கள் வழக்கின் முதல் எதிர்மனுதாரர் அந்த அலுவலகம்தான். கோபம் முழுவதும் முன்னாள் தலைவர் மேல் இருப்பது புரிகிறது. இருந்தாலும் கோர்ட்டில் அரசைப் பிடிப்பது எளிது, தனிமனிதரைப் பிடிப்பது கஷ்டம்.

“ஆம்புலன்ஸ் ஓட்டுவது ஊராட்சியின் கட்டாயக் கடமை இல்லை” என்று அரசு வக்கீல் சொல்வார். அது ஓரளவு சரிதான். ஆனால் ஓட்ட ஆரம்பித்த பிறகு, ஓட்டுப் போட்ட தெருவுக்கு வரும், போடாத தெருவுக்கு வராது என்பது அரசியலமைப்பின் 14ஆவது பிரிவில் அடிபடும். உள்ளாட்சி அமைப்பும் 12ஆவது பிரிவின்படி ‘அரசு’தான். இதற்குத் துணையாக 1996இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி மதுராப்பூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒரே இரவில் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்தார். அவசர சிகிச்சை கிடைக்காமல் போனது 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியது என்று சொல்லி, அரசு 25,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். பணம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்றதோடு, நோயாளியைக் கொண்டு போக ஆம்புலன்ஸ் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் ஊரில் பணம் இல்லாமல் இல்லை. வண்டி இருந்தது, டிரைவர் இருந்தார், உள்ளே ஃபிளக்ஸ் இருந்தது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். இலவசமாகத் தரும் சேவை நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’யே இல்லை. மருத்துவ சேவை பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1995 சாந்தா வழக்கிலும் இதுதான் முடிவு, 2019 சட்டத்திலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது. டீசலுக்கென்று காசு வாங்கி ரசீது கொடுத்திருந்தால் வாதாடிப் பார்க்கலாம். அந்த நிலை உங்களுக்கு இல்லை.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் முதலில் கலெக்டரிடம் திங்கள்கிழமை மனு, அதில் மூன்றே கோரிக்கை: வண்டியை உடனே கைப்பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்த வேண்டும், லாக் புக்கைக் காவலில் எடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் வரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம், இழப்பீடும் அதிலேயே கேட்கலாம். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். “மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்” என்ற உத்தரவோடு முடிகிற ரிட்டுகள்தான் நிறைய. வண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர அதுவே போதும், இழப்பீட்டுக்குப் போதாது.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மரணத்துக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடும் 1855ஆம் ஆண்டு சட்டத்தில் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காகத்தான் கேட்க முடியும். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரே உங்களைத்தான் முன்னால் நிற்கச் சொல்லும், நீங்களும் நிற்கிறீர்கள், ஆனால் வழக்கில் மனுதாரர்கள் உங்கள் மாமியாரும் கணவருமாக இருக்க வேண்டும். இறந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. அரசு மேல் வழக்கு என்பதால் அதற்கு முன்னால் சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ். மாமியார் பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்றாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், கட்டணம் இல்லை, ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும். “அவர்கள் சிபாரிசுதானே செய்வார்கள்” என்ற பேச்சு பழையது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. அதே விஷயம் ரிட்டில் இருக்கும்போது இரண்டையும் ஓட்டாதீர்கள், வக்கீலோடு உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆம்புலன்ஸில் ஃபிளக்ஸ் ஏற்றியது தனிக் கணக்கு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு புகார், போலீசில் ஒரு புகார். பொதுச் சொத்தைத் தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திய நம்பிக்கை மோசடி என்று எழுதுங்கள், மரணத்தைப் பின்னணியாகச் சொல்லுங்கள். இதில் டாக்டர் சாட்சி தேவையில்லை, லாக் புக்கும் டீசல் பில்லும் போதும். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் தெருவுக்கு வண்டி வராதது தேர்தல் பகையால் மட்டும்தானா? நீங்கள் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், அதுவும் ஒரு காரணம் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வரும், வழக்கின் முகமே மாறிவிடும். வக்கீலிடம் போகும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு வாயால் கேட்கப் போகாதீர்கள். கேள்வியை எழுதி, முந்தின நாளே ஊராட்சி செயலரிடம் கொடுத்து, இரண்டாம் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை என்றால் அந்த நகலே சாட்சி. அதுவரை வாட்ஸ்அப் குரூப்பில் யாரையும் கொலைகாரன் என்று போடாதீர்கள். உங்கள் மேல் அவதூறு வழக்கு போட்டுவிட்டு அவர் பாதிக்கப்பட்டவராக நிற்பார். நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு எழுதுங்கள்.

மாமனார் முன்பு இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்தச் சீட்டுகள், பழைய இ.சி.ஜி. எதையும் காரியம் முடிந்ததும் பழைய துணியோடு சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். பால் வண்டிக்காரரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வையுங்கள். ஊரிலிருந்து மருத்துவமனை வாசல் வரை எத்தனை நிமிஷம் ஆனது என்று, கட்சி எதையும் சேராமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.