ஒரு பாலிமரை (பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருளை) முதலில் செய்தவருக்கா, அதன் அமைப்பை முதலில் அளந்து சொன்னவருக்கா காப்புரிமை?

நீங்கள் ஆராய்ச்சி மாணவர், காப்புரிமையில் பெயர் போடுவதில் கைடோடு உரசல் என்று ஊகிக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பாலிமர் லேபில் வேலை பார்த்தவன்.

படிக பாலிப்ரொப்பிலீன் (சங்கிலிகள் ஒழுங்காக அடுங்கியிருக்கும் ஒரு பிளாஸ்டிக்) வழக்கைப் பாருங்கள். 1951 ஜூனில் அமெரிக்காவில் பிலிப்ஸ் பெட்ரோலியத்தின் ஹோகன், பேங்க்ஸ் இருவரும் பெட்ரோலுக்கு வழி தேடும்போது அந்த வெள்ளைத் திடப்பொருள் கிடைத்தது. 1953 ஜனவரியில் விண்ணப்பித்தார்கள். இத்தாலியில் வேதியியலாளர் நேட்டா அதைச் செய்தது 1954-ல். ஆனால் மூலக்கூறுச் சங்கிலி எப்படி ஒழுங்காகச் சுருண்டிருக்கிறது என்று எக்ஸ்ரே வைத்துக் காட்டியவர் அவர்தான். 1963-ல் ஸீக்லரோடு நோபல் பெற்றார். 1958-ல் ஐந்து கம்பெனிகள் முன்னுரிமைக்கு மோதின. 1971-ல் அமெரிக்கக் காப்புரிமை வாரியம் நேட்டா தரப்புக்குக் கொடுத்தது. 1980-ல் டெலாவேர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1983-ல்தான் பிலிப்ஸ் கைக்குக் காப்புரிமை வந்தது. நேட்டாவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தங்கள் பொருளில் படிகப் பகுதி இருந்தது என்று நிரூபிக்காமல் பிலிப்ஸும் ஜெயித்திருக்க முடியாது. அதற்கும் அளவீடுதான் வேண்டும்.

இது எனக்கு ஏன் சுடுகிறது என்றால், நான் இருந்த கம்பெனியில் ஒரு பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வழக்கத்தைவிட நன்றாக இழுபட்டது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. டி.எஸ்.சி.யில் (சூடாக்கி உருகும் வெப்பநிலையை அளக்கும் கருவி) 165 டிகிரி உருகல் தவிர 150 பக்கம் இன்னொரு உச்சி. எக்ஸ்ரேயில் 16 டிகிரி கோணத்தில் தெளிவான கோடு. பீட்டா படிகம், அதாவது அதே பிளாஸ்டிக்கில் சங்கிலிகள் வேறு விதமாக அடுங்கிய வடிவம். யாரும் கேட்காமலே பல நாள் இரவு தங்கி அதன் விகிதத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். பிறகு போட்ட காப்புரிமை விண்ணப்பத்தில் முதல் க்ளெய்மே (உரிமை கோரும் அம்சமே) அந்த பீட்டா விகிதம்தான். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "மெஷின்ல போட்டு ரீடிங் எடுத்தீங்க, அவ்வளவுதானே?" என்றார் மேலாளர்.

ரீடிங் எடுக்கும் எல்லோரும் கண்டுபிடிப்பாளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் க்ளெய்ம் எதன் மேல் நிற்கிறதோ அதை யோசித்துக் கண்டவர் பெயர் வர வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 28-ன் கீழ், கண்டுபிடித்தவர் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். அன்று இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கில் எக்ஸ்ரே கருவி வாங்கும் இடங்களில்கூட அதை இயக்குபவரை வருடா வருடம் ஒப்பந்தத்தில்தான் வைக்கிறார்கள். அவர் போனால் கருவி தூசி படிந்து கிடக்கும்.

உங்கள் லேப் நோட்டில் தேதி போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தியாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்பதால், விண்ணப்பம் போகும் முன்பே பெயர் விஷயத்தை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.