ஐந்து கார்டு தெரிந்த பிறகு என்ன? கிட்டார் பயிற்சி குறித்த கேள்வி பதில்

தொடக்க நிலையைத் தாண்ட முயலும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் பல ஆண்டுகளாகக் கிட்டார் கற்பித்து வரும் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (திருச்சி): வணக்கம் ஐயா. கிட்டார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் ஆகிய கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) தெரியும். பாடிக்கொண்டே நிறையப் பாடல்கள் வாசிப்பேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ஆனாலும் ஆறு மாதத்துக்கு முன் எப்படி வாசித்தேனோ, அப்படியேதான் இன்றும் வாசிக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம். உங்கள் உழைப்பில் குறையில்லை. அந்த ஒரு மணி நேரம் எதில் செலவாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெரிந்த பாடலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போவது மகிழ்ச்சி தரும். அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஆனால் நான்கு நிமிடப் பாடலில் உங்கள் கை தடுமாறும் இடங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் சில விநாடிகள்தான் தேறும். மீதி நேரமெல்லாம் ஏற்கெனவே வருவதையே திரும்பச் செய்கிறீர்கள். தடுமாறும் இடத்திலோ, ஒவ்வொரு முறையும் அதே தடுமாற்றத்தைக் கைக்கு இன்னும் அழுத்தமாகப் பழக்கிவிடுகிறீர்கள். அந்தச் சில விநாடிகளைத் தனியே பிரித்தெடுத்து, மெதுவாக, பிழையில்லாமல் வரும்வரை செய்வதையே நான் பயிற்சி என்பேன்.

பெரும்பாலும் கோளாறு கார்டில் இருக்காது, ஒரு கார்டிலிருந்து மறு கார்டுக்குப் போகும் வழியில் இருக்கும். ஏ மைனரிலிருந்து சி-க்கு மாறும்போது உங்கள் இடக்கையை உற்றுப் பாருங்கள். ஏ மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டிலும் (மிக மெல்லிய தந்தி முதலாவது; ஃபிரெட் என்பது கழுத்தில் பதித்த கம்பிகளால் பிரிந்த கட்டம்), நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் இருக்கின்றன; சி-யிலும் அவற்றுக்கு அதே இடம்தான். மோதிர விரல் மட்டும் மூன்றாம் தந்தியை விட்டு ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போனால் போதும். ஆனால் என்னிடம் வரும் மாணவர்களில் பலர் மூன்று விரல்களையும் ஒருசேரத் தூக்கி, ஒரு கணம் தேடி, பிறகு ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். ஜி-யிலிருந்து சி-க்குப் போவதும் இப்படித்தான். ஜி-யை மோதிர விரல் ஆறாம் தந்தியிலும், நடுவிரல் ஐந்தாம் தந்தியிலும், சுண்டுவிரல் முதல் தந்தியிலும் இருக்குமாறு பிடித்துப் பழகினால், மோதிர விரலும் நடுவிரலும் அதே வடிவத்தில் ஒரு தந்தி தள்ளிப் போய் அமர்ந்து, சுண்டுவிரல் விலகி, ஆள்காட்டி விரல் வந்து சேர்ந்தவுடன் சி கிடைத்துவிடுகிறது.

ஆகவே, மாறும் இடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு என்று மாற்றிப் பாருங்கள். எந்த விரல் கடைசியாக வந்து சேருகிறதோ, அதையே முதலில் வைக்கப் பழகுங்கள். இடக்கை தாமதித்தாலும் வலக்கை நிற்கக் கூடாது. வெறும் தந்திகளில் ஒரு அடி விழுந்தாலும் பரவாயில்லை, தாளம் அறுபடக் கூடாது. மூன்று நிமிடம் இப்படிச் செய்துவிட்டு அந்தப் பாடலுக்குத் திரும்புங்கள்.

கேள்வி (கோவை): எஃப் பார் கார்டு (ஒரு விரலைத் தந்திகளின் குறுக்கே கிடத்திப் பிடிப்பது) மாதக்கணக்காக வரவில்லை. விரல் வலிக்கிறது, பாதித் தந்திகள் ஊமையாக இருக்கின்றன. எனக்குக் கை வலுவில்லையா?

பதில்: வலுவைவிட இடமும் கோணமும்தான் முக்கியம். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஐந்தாம், நான்காம், மூன்றாம் தந்திகளை மற்ற மூன்று விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலின் பொறுப்பு ஆறாம் தந்தியும், முதலிரண்டு தந்திகளும் மட்டும்தான். விரலைத் தட்டையாக வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே சாய்த்து, எலும்பை ஒட்டிய ஓரம் தந்தியில் படுமாறு ஃபிரெட் கம்பிக்கு நெருக்கமாக வையுங்கள். முழங்கையை உடலோடு சேர்த்தால் அந்தச் சாய்வு தானாகவே வரும்.

இன்னொன்று: முதல் ஃபிரெட்டில் தொடங்காதீர்கள். அது நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) மிக அருகில் இருப்பதால் தந்தி அங்கேதான் மிகவும் விறைப்பாக இருக்கும். அதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பிடித்தால் அது ஏ கார்டு. அங்கே தெளிவாக ஒலித்த பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வாருங்கள்.

அதற்கும் முன் கிட்டாரைச் சோதியுங்கள். ஒரு தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். நன்றாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். விலை குறைந்த கிட்டார்களில் இது மிகவும் சாதாரணம். கருவியின் குறையைத் தங்கள் கையின் குறையாக எண்ணிப் பயிற்சியையே விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். விரல் நுனி வலிப்பது இயல்பு. மணிக்கட்டோ கட்டைவிரலின் அடிப்பகுதியோ வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): சிறு வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றேன், வர்ணம் வரை பாடம் ஆயிற்று. கிட்டாரில் ஸ்கேல் (ஏறி இறங்கும் சுர வரிசை) பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், அது எனக்கு உயிரில்லாததாகத் தோன்றுகிறது. பழைய பாடம் இங்கே பயன்படுமா?

பதில்: இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்றவர்கள் புதிதாகத் தேட வேண்டிய பயிற்சி முறை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரண ராகத்தின் சுரங்கள். இயல்பான மைனர் நடபைரவி. ஹார்மானிக் மைனர் கீரவாணி. எல்லோரும் ஓயாமல் வாசிக்கும் மைனர் பென்டடானிக்கின் ஐந்து சுரங்கள் சுத்த தன்யாசியினுடையவை. மேஜர் பென்டடானிக் மோகனம். மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்தால் சுத்த தன்யாசி வருமே, அதுவேதான் சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் உள்ள உறவு. சுரத்தானங்கள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் இதை நீட்டக் கூடாது. கமகம் (சுரத்தை அசைத்தும் இழைத்தும் தரும் ஒலி) இல்லாமல் ராகம் இல்லை. கிட்டாரில் தந்தியை வளைத்தும் இழுத்தும் அதை எவ்வளவு தூரம் கொண்டுவர முடியும் என்பதற்கு, கர்நாடகக் கிருதிகளையே கிட்டாரில் வாசித்து வரும் பிரசன்னா அவர்களைக் கேளுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டைச் சட்ஜமாகக் கொள்ளுங்கள். ரிஷபம் அதே தந்தியின் ஐந்தாம் ஃபிரெட். காந்தாரம், மத்தியமம், பஞ்சமம் நான்காம் தந்தியின் 2, 3, 5. தைவதம், நிஷாதம், மேல் சட்ஜம் மூன்றாம் தந்தியின் 2, 4, 5. ஆள்காட்டி விரல் இரண்டாம் ஃபிரெட்டுக்கு, நடுவிரல் மூன்றாவதற்கு என்று ஃபிரெட்டுக்கு ஒரு விரல். இனி கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மெட்ரோனோம் 60-இல், தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று மூன்று காலத்திலும் வாசியுங்கள். மெட்ரோனோமின் வேகத்தை ஏற்றாமல் காலத்தை மட்டும் ஏற்றுவதால், முதல் காலத்தில் மறைந்திருந்த சமமின்மை மூன்றாம் காலத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரமும் இரட்டிப்பதால், பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) ஒன்று கீழ், ஒன்று மேல் என்று மாறாமல் அடிக்கப் பழக அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது. தாட்டு வரிசையில் சுரங்கள் தாவுவதால் வலக்கை தந்திவிட்டுத் தந்தி போகப் பழகும். ஏழு தாள அலங்காரங்கள், நான்கு தட்டிலேயே சுழலும் கையை அதிலிருந்து விடுவிக்கும். எல்லாவற்றையும் வாயால் சுரம் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாட முடியாத வேகத்தில் வாசிக்காதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வேலை முடிந்து வந்தால் இருபது நிமிடம்தான் கிடைக்கிறது. அது போதுமா?

பதில்: தினமும் கிடைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது மேல். ஐந்து நிமிடம் ஏதாவது ஒரு வரிசை, பத்து நிமிடம் இந்த வாரம் தடுமாறும் ஒரே ஓர் இடம், மீதி நேரம் விரும்பிய பாடல். கிட்டாரை உறைக்குள் வைக்காமல் கண்ணில் படும்படி ஸ்டாண்டில் வையுங்கள். வாரம் ஒரு முறை கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாமல் தாளம் முந்தி ஓடுவது பதிவில் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி (மதுரை): வயது 54. விரல்கள் குட்டை. இனிமேல் முன்னேற முடியுமா?

பதில்: முடியும். ஜாங்கோ ராயின்ஹார்ட் 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் பெரும்பாலும் செயலிழந்த பிறகு, மற்ற இரு விரல்களைக் கொண்டே தம் தனி வாசிப்புகளை வாசித்து, ஐரோப்பிய ஜாஸின் மிகப் பெரிய கிட்டார் கலைஞரானார். உங்களுக்கு நான் சொல்வது, கழுத்து மெலிந்த, உடல் சிறிய கிட்டாரும், .011 அல்லது .010 அங்குலக் கனமுள்ள மெல்லிய தந்தியும். உட்காரும்போது கிட்டாரின் கழுத்து சற்று மேல்நோக்கி இருக்கட்டும். எட்டாத இடமும் எட்டும்.

கேள்வி (சேலம்): பிக் இல்லாமல் விரலால் மீட்டக் கற்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: கட்டைவிரலுக்கு ஆறு, ஐந்து, நான்காம் தந்திகள், ஆள்காட்டி விரலுக்கு மூன்றாவது, நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிர விரலுக்கு முதலாவது. இந்தப் பங்கீட்டை மாற்றாதீர்கள். இத்தாலியரான மௌரோ ஜூலியானி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலக்கைக்கென்று 120 பயிற்சிகளை எழுதினார். இடக்கைக்கு வருவதெல்லாம் சி மேஜரும் ஜி செவனும் மட்டுமே. இடக்கையின் சுமையைக் குறைத்தால்தான் வலக்கையைக் கவனிக்க முடியும் என்ற அந்த யோசனை இன்றும் செல்லும். முதல் சிலவற்றை எடுத்து, ஒவ்வொரு விரலின் ஒலியும் ஒரே அளவில் வரும்வரை வாசியுங்கள். மோதிர விரல்தான் எல்லோருக்கும் மெலிந்து ஒலிக்கும். அதைக் கூர்ந்து கேளுங்கள்.

கேள்வி (சென்னை): பாடலைக் கேட்டே கார்டு கண்டுபிடிக்க என்ன வழி? கேப்போ (கழுத்தில் பொருத்தித் தந்திகளை அழுத்தும் கவ்வி) போடுவது குறுக்குவழி என்கிறார்களே?

பதில்: கேப்போ குறுக்குவழி அன்று, பாடுபவர் சுருதிக்குக் கருவியைக் கொண்டுவரும் முறை. கார்டு கண்டுபிடிக்க, முதலில் பாடல் எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறது என்று முணுமுணுத்துப் பாருங்கள், அதுவே ஆதாரம். அது ஜி என்றால், பெரும்பாலும் ஜி, சி, டி, இ மைனர் ஆகிய நான்கிலேயே பாதிப் பாடல் அடங்கிவிடும். பிறகு பேஸ் கிட்டாரை மட்டும் தொடர்ந்து கேட்டு, அதன் சுரங்களை ஆறாம், ஐந்தாம் தந்திகளில் தேடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டுகளை அதன் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், முன்னால் வேண்டாம்.

கேள்வி (சென்னை): லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு எழுத வேண்டுமா? கடற்கரை அருகில் வசிப்பதால் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: தேர்வு கட்டாயமில்லை. ஆனால் இனிஷியல் முதல் எட்டாம் கிரேடு வரை படிப்படியாக வகுத்த பாடத்திட்டமும், தேதி குறித்த இலக்கும் உங்களுக்கு உதவும் என்றால் எழுதுங்கள். தேர்வுக்குரிய மூன்று பாடல்களையே ஆண்டு முழுதும் வாசித்துக்கொண்டிருக்க மட்டும் வேண்டாம்.

வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கம் உட்படத் துடையுங்கள். வியர்வையில் உள்ள உப்புதான் முதல் எதிரி. மேலுறை பூசிய தந்தி விலை கூடுதல் என்றாலும் கடலோரத்தில் நெடுநாள் உழைக்கும். தந்தி பழசாகிவிட்டதா என்று அறிய, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மானிக் ஒலியையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுவது), அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். புதிதில் ஒத்திருந்த இரண்டும் இப்போது விலகினால், ட்யூனிங்கோடு போராடாமல் தந்தியை மாற்றிவிடுங்கள்.